பட்டயமா, பட்டறையா, வீட்டு அடுப்பா? மிட்டாய்த் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு

"மிட்டாய் செய்வதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எந்தப் படிப்பில் சேரலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் விற்கப்போகும் சரக்கு எத்தனை நாள் தாங்கும்? பாதிப் பேர் முழிப்பார்கள். படிப்பைக் கேட்டால் இவர் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசுகிறாரே என்ற குழப்பம் முகத்தில் தெரியும்.

கல்லூரியா, பட்டறை வேலையா, வார இறுதி வகுப்பா என்று படிப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் எங்கே அடுப்பு வைப்பது என்று யோசித்து, கடைசியில்தான் என்ன விற்பது என்ற முடிவுக்கு வருகிறோம். நான் வந்த வழியும் அதுதான். தலைகீழாக வந்திருக்கிறேன் என்று புரிய மூன்று வருடம் ஆனது. மாதக்கணக்கில் கெடாத கடின மிட்டாய் செய்கிறவரும், மூன்றாம் நாள் தூக்கிப்போட வேண்டிய க்ரீம் இனிப்பு செய்கிறவரும் தொழிலுக்கு ஒரே பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் கற்க வேண்டியது வேறு, கட்ட வேண்டிய பட்டறை வேறு, தூங்கி எழும் நேரம்கூட வேறு. அதனால் சரக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சரக்கு

சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் பாகு இறுகுகிறது. இறுக இறுக அதன் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே பாகின் சூட்டை அளந்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். வெப்பமானி புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இதைத்தான் பதம் என்று விரலால் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். 106 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கம்பிப் பதம். 112 முதல் 116 வரை, குளிர்ந்த நீரில் விட்டால் மெத்தென்று உருளும் உருட்டுப் பதம். 121-ஐத் தாண்டினால் உருண்டை கெட்டிப்படும். 146 முதல் 154 வரை போனால், நீரில் விட்டதும் கண்ணாடி மாதிரி முறியும். 160-க்கு மேல் பழுப்பேறிக் கேரமலாகத் தொடங்கும்.

முறியும் பதத்தில் இறக்கிய கடின மிட்டாயில் தண்ணீர் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் பெரும்பாலும் இருக்காது. கிருமி வளர அங்கே இடமில்லை. அந்த மிட்டாய்க்கு எதிரி காற்றிலிருக்கும் ஈரம் ஒன்றுதான். இறக்கியதும் உலர்ந்த அறையில் ஆறவைத்து, உடனே காற்றுப் புகாமல் சுற்றிவிட்டால் ஒரு வருடம்கூட இருக்கும். சுற்றாமல் ஒரு மழைநாள் மாலை திறந்து வைத்துப் பாருங்கள், காலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக உட்கார்ந்திருக்கும்.

கேரமல், நூகட், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ எல்லாம் நடுவில் நிற்கிற கூட்டம். இங்கே கேரமல் என்பது மேலே சொன்ன பழுப்பேறிய சர்க்கரை அல்ல, பாலும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் மிட்டாய், 118 முதல் 122 டிகிரி வரை காய்வது. அதில் தண்ணீர் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். நன்றாகச் செய்தால் சில மாதங்கள் தாங்கும். ஆனால் நாள்பட நாள்பட உள்ளே சர்க்கரை மணல்மணலாகப் பூக்கும். பூக்காமல் இருக்கத்தான் குளுக்கோஸ் பாகு சேர்க்கிறார்கள், அல்லது ஒரு துளி புளிப்பு சேர்த்துச் சர்க்கரையில் ஒரு பகுதியை உடைக்கிறார்கள். சர்க்கரைத் துகள்கள் வரிசைகட்டிச் சேர்ந்தால் மணல். நடுவே வேறு வகைச் சர்க்கரை புகுந்து வரிசையைக் கலைத்தால் வழவழப்பு. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ கிலோ மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது கூட்டம் க்ரீம் சேர்ந்தவை: கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் கலந்த மெத்தென்ற பூரணம்) வைத்த சாக்லேட், ட்ரஃபிள், அப்புறம் புதுக் க்ரீம் வைத்த கேக், டார்ட். இங்கேதான் தொழில் முழுசாக மாறிப்போகிறது. உணவில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் கிருமிக்குக் கிடைப்பதில்லை. சர்க்கரை பிடித்து வைத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் கிடைக்கும். அந்த மிச்சத்தை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்வார்கள், வாட்டர் ஆக்டிவிட்டி என்று பெயர். சுத்தத் தண்ணீர் 1. அது 0.6-க்குக் கீழே இருந்தால் எந்த நுண்ணுயிரும் பெருகாது. 0.85-ஐத் தாண்டினால் நோய் தரும் கிருமிகள் சிலவற்றுக்குக் கதவு திறக்கிறது. சாதாரணமாகச் செய்த கனாஷ் இந்த எல்லைக்குப் பக்கத்திலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். செய்முறையைப் பொறுத்து இரண்டு வாரமா, நாலு வாரமா, அதைவிடக் குறைவா என்பது மாறும். புதுக் க்ரீம் வைத்தவற்றுக்குக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள்தான் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. பெருகாது என்றால் செத்துவிடும் என்று பொருளில்லை. சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி உலர்ந்த சாக்லேட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாக்லேட் உருக்கும் 45, 50 டிகிரிச் சூடு அதைக் கொல்லாது. ஆகையால் "இது கெடாத சரக்கு, சுத்தம் அவ்வளவு பார்க்க வேண்டாம்" என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது.

சாக்லேட்டைத் தொடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கல்வி உண்டு, அது டெம்பரிங். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பும், உடைக்கும்போது வரும் சத்தமும் தரும். கருஞ்சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரியில் உருக்கி, 27, 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்றுவது அந்த வடிவத்தை மட்டும் நிறுத்தி வைக்கத்தான். பால் சாக்லேட்டுக்கு எல்லாமே ஒன்றிரண்டு டிகிரி குறைவு. தவறினால் இரண்டு நாளில் சாம்பல் பூத்தது போல வெள்ளை படரும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் வாங்க ஆள் இருக்காது.

மூன்று கூட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், ஐந்தாம் வருடம். சர்க்கரை காய்ச்சும் அறையில் ஆவியும் சூடும், சாக்லேட் அறையில் 18 முதல் 20 டிகிரிக் குளிர்ச்சி. ஒரே சின்ன அறையில் இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது.

கற்றுக்கொள்ளும் வழிகள்

என் முதல் படிப்பு மூன்று நாள் பயிற்சி வகுப்பு. அழகான சான்றிதழ், அச்சடித்த செய்முறைத் தாள்கள், கடைசி நாளில் கையில் ஒரு பெட்டி கேரமல். வீட்டுக்கு வந்து அதே தாளைப் பார்த்துச் செய்தேன், மணலாகப் பூத்தது. மறுபடி செய்தேன், கல்லாக இறுகியது. வகுப்பில் எல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம், சரக்கை அளந்து வைத்ததும், அடுப்பைக் கூட்டிக் குறைத்ததும், "இப்போ இறக்குங்க" என்று சொன்னதும் ஆசிரியர். நான் கிளறினேன், அவ்வளவுதான். குறுகிய வகுப்பின் பலமும் பலவீனமும் இதுதான்: சரியாக வருவதைக் காட்டுவார்கள், தவறியதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் ஒரு குறிப்பிட்ட சங்கதிக்கு, உதாரணமாகச் சர்க்கரையை இழுத்துப் பூ செய்வதற்கோ அச்சுச் சாக்லேட்டுக்கு நிறம் தெளிப்பதற்கோ போனால், மூன்று நாள் தாராளம். முதல் படிப்பாகத்தான் அது உதவாது.

முழுநேரப் படிப்பு வேறு ரகம். பாரிஸில் 1895-ல் தொடங்கிய லெ கோர்தோன் ப்ளூ மாதிரியான பள்ளிகள் இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கின்றன. அங்கே பாட்டிசெரி, அதாவது கேக், இனிப்புப் பண்டங்களுக்கான பட்டயம் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படியாக நடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கிடைப்பது அகலம். ரொட்டி மாவு முதல் சாக்லேட் சிற்பம் வரை எல்லாவற்றையும் ஒருமுறையாவது தொட்டுவிடுவீர்கள். ஏன் அப்படி நடக்கிறது என்ற அறிவியலும் காதில் விழும். கிடைக்காதது வேகம். ஒரு பண்டத்தைப் பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒரு நாள் முழுக்கச் செய்து பழகிய கைக்கு, நானூறு செய்ய வேண்டிய காலை பெரிய அதிர்ச்சி. கட்டணமும் இருக்கிறது. படிப்புக்கே முதலைக் கரைத்துவிட்டால் பட்டறை வைக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. வேலைக்குப் போகிறவருக்கு, அதிலும் பெரிய ஹோட்டல் சமையற்கூடங்களுக்கு வெளிநாடு போக நினைப்பவருக்கு, அந்தப் பட்டயத்தின் பெயர் கதவைத் திறக்கும். சொந்தமாகக் கேரமல் விற்கப்போகிறவரிடம் வாடிக்கையாளர் பட்டயத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பட்டறையில் சேர்ந்து கற்பதுதான் பழைய வழி. சில நாடுகள் அதைச் சட்டமாகவே கட்டிக் காத்து வருகின்றன. ஜெர்மனியில் கொண்டிட்டோர் என்ற கேக், இனிப்புத் தொழிலுக்கு மூன்று வருடப் பயிற்சி: வாரத்தில் சில நாள் பட்டறை, சில நாள் தொழிற்பள்ளி, கடைசியில் தேர்வு. அதற்கு மேல் மாஸ்டர் தேர்வும் உண்டு. பயிற்சிக் காலத்தில் சிறிதளவு சம்பளமும் வரும் என்பது பெரிய சௌகரியம். இப்படி முறையான ஏற்பாடு இல்லாத இடத்தில், நல்ல பட்டறை ஒன்றைப் பிடித்து உதவியாளாகச் சேர்வதுதான் இதற்குச் சமம்.

மூன்று நாள் வகுப்பு கைவிட்ட பிறகு நான் போனது அங்கேதான். பதினாலு மாதம் இருந்தேன். முதல் மூன்று மாதம் காகிதம் சுற்றினேன், பாத்திரம் தேய்த்தேன், தட்டுக்கு எண்ணெய் தடவினேன். பாகுப் பக்கம் போகவே விடவில்லை. கோபம் வந்தது. ஆனால் மிட்டாய் சுற்றுகிறவன்தான் ஒரு நாளில் ஆயிரம் மிட்டாயைத் தொடுகிறான். எது ஒட்டுகிறது, எது விரலுக்கு மணலாகப் படுகிறது, எது நேற்றையதைவிட மெத்தென்று இருக்கிறது என்று விரல் கற்றுக்கொண்டது அந்த மூன்று மாதத்தில்தான். மாஸ்டர் வெப்பமானி வைத்திருந்தார், இருந்தாலும் கொப்புளம் வெடிக்கும் சத்தம் மாறியதும் அடுப்பை அணைத்துவிட்டு அதற்கு அப்புறம்தான் வெப்பமானியைப் பார்ப்பார். அது எந்தத் தாளிலும் இல்லை.

இதற்கும் குறை உண்டு. பட்டறையில் "இப்படித்தான் செய்வது" என்பார்கள், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. ஊர் மாறி, உயரம் மாறினால் கைப்பழக்கம் தடுமாறும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும், பாகின் பதச் சூட்டையும் அதே அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் வைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்துக் கழித்துக்கொண்டால் முடிந்தது. இந்தக் கணக்கைப் பட்டறையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, புத்தகம்தான் சொன்னது. இன்னொன்று, ஒரு மாஸ்டரின் கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே வரும். எங்கள் மாஸ்டர் ஒரு நாள்கூடக் கையுறை போட்டதில்லை. 150 டிகிரிப் பாகு தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு உள்ளே வேகும். அடுப்பருகே எப்போதும் ஒரு வாளி குளிர்ந்த நீர் இருக்க வேண்டும் என்பதை நான் கற்றது அவர் கையிலிருந்த தழும்பைப் பார்த்து.

நான்காவது வழியாகத் தொழிற்சாலையை யாரும் நினைப்பதில்லை. பெரிய மிட்டாய்த் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டிலோ உற்பத்தியிலோ ஓரிரு வருடம் இருந்தவருக்குக் கைவேலை அதிகம் வந்திருக்காது. ஆனால் ஒரே தடவையில் செய்த சரக்குக்கு இடும் தொகுதி எண், ஒவ்வாமை தரும் பொருள்களைப் பிரித்து வைப்பது, கெடும் நாள் சோதனை எல்லாம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் இனிப்புத் தொழில்துறைக்கென்றே இசட்.டி.எஸ். என்ற பள்ளி இருக்கிறது. இது தனிக் கல்வி என்பதற்கு அதுவே அடையாளம். கடைகளுக்கு மொத்தமாக அனுப்பும் தொழில்தான் உங்கள் எண்ணம் என்றால் கல்லூரியைவிட இதையே சொல்வேன்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் கணக்கு இப்படி வருகிறது. கடின மிட்டாய், கேரமல் என்றால் பட்டறை. கனாஷ் வைத்த சாக்லேட் என்றால் பட்டறையோடு, வாட்டர் ஆக்டிவிட்டியும் உணவுப் பாதுகாப்பும் முறையாகச் சொல்லித்தரும் ஒரு படிப்பு. இங்கே கைப்பக்குவத்தை மட்டும் நம்பினால் அடுத்தவர் வயிற்றோடு விளையாடுகிறோம். புதுக் க்ரீம் கேக், டார்ட் என்றால் முழுநேரப் படிப்புக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது, ஏனென்றால் அங்கே வகைகள்தான் வியாபாரம்.

சட்டம் என்ன கேட்கும்

பல நாடுகளில் மிட்டாய் செய்து விற்கப் பட்டமோ பட்டயமோ கட்டாயமில்லை. கேட்பது இடத்தின் பதிவையும் சுகாதாரத்தையும். சில நாடுகள் அப்படி விடுவதில்லை. ஜெர்மனியில் கொண்டிட்டோராகச் சொந்தத் தொழில் வைக்க மாஸ்டர் தகுதி வேண்டும், அல்லது அதற்கு ஈடான அனுபவத்தைக் காட்டி விலக்குப் பெற வேண்டும். பிரான்ஸில் பாட்டிசெரி கடை வைக்க சி.ஏ.பி. போன்ற தொழிற்சான்று அல்லது மூன்று வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். அந்த சி.ஏ.பி. தேர்வைப் பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகவும் எழுதலாம். வேறு வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தொழில் மாறும் பெரியவர்கள் பலர் அந்த வழியில் போகிறார்கள். ஆகவே இருக்கும் வேலையை விடுவதற்கு முன்பு, உங்கள் நாட்டில் இந்தத் தொழில் எந்த வகையில் வருகிறது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது.

சுகாதார விஷயத்தில் ஏறக்குறைய எல்லா நாடும் ஒரே மரத்தின் கிளை. 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து வளர்த்த ஹெச்.ஏ.சி.சி.பி. முறைதான் அடிவேர். பின்னால் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு அதை ஏழு கொள்கைகளாக வகுத்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எந்த இடத்தில் தவறினால் ஆபத்து, அந்த இடத்தில் எதை அளப்பது, எல்லை என்ன, தாண்டினால் என்ன செய்வது, அதை எங்கே எழுதி வைப்பது என்பதுதான் சாரம். லேபிளில் ஒவ்வாமைப் பொருள்கள் தெளிவாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு வகை, அமெரிக்காவில் ஒன்பது. மிட்டாய்க்காரருக்கு இதில் முக்கியம் பால், முட்டை, கோதுமை, சோயா, கொட்டை, நிலக்கடலை, எள். அப்புறம் பெயர்: கோடெக்ஸ் தரப்படி (பால் சாக்லேட் அல்லாத) சாக்லேட் என்று சொல்ல மொத்தக் கொக்கோத் திடப்பொருள் 35 சதவீதமாவது வேண்டும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்புப் போட்ட காம்பவுண்டைப் பல நாடுகளில் சாக்லேட் என்று விற்க முடியாது. டெம்பரிங் தொல்லை இல்லை என்று அதைப் பிடித்துக்கொண்டு தொழிலுக்கு வருகிறவர்கள் லேபிள் அடிக்கும் நாளில் விழிக்கிறார்கள்.

எங்கே அடுப்பு வைப்பது

வீட்டில் தொடங்குவது முதலுக்கு மோசமில்லாத வழி. வாடகை இல்லை, இருக்கும் அடுப்பு, தோற்றாலும் கடன் இல்லை. வீட்டில் செய்து விற்க அனுமதிக்கும் இடங்களிலும் பெரும்பாலும் கெடாத சரக்குக்குத்தான் தளர்வு, க்ரீம் வைத்ததற்குக் கெடுபிடி. தாங்கும் நாளை முதலில் கேட்டதற்கு இது ஒரு காரணம். கடின மிட்டாய்க்காரர் வீட்டு மேசையில் தொடங்கலாம், கனாஷ்காரருக்கு அந்த வசதி பல இடங்களில் கிடையாது. வீட்டின் இன்னொரு சங்கடம் ஈரம். கடின மிட்டாய் ஆறும் அறையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. பக்கத்து அடுப்பில் சோறு கொதிக்கும் வீட்டில் அது நடக்காது. வீட்டார் சமைத்து முடித்து, ஜன்னல் சாத்தி, ஈரம் உறிஞ்சும் கருவியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, இரவு பத்து மணிக்கு நான் காய்ச்சத் தொடங்கிய நாட்கள் உண்டு. பகலில் வேறு வேலை இருந்தால் இது ஒரு வருடத்துக்கு மேல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பொதுச் சமையற்கூடம் அடுத்த படி. உரிமம் ஏற்கெனவே இருக்கும், கழுவும் தொட்டி, குளிர்பெட்டி, புகைபோக்கி எல்லாம் விதிப்படி இருக்கும். மிட்டாய்க்கு அங்கே இரண்டு ஆபத்து. நான் எடுத்திருந்த கூடத்தில் ஒரு நாள், தட்டில் மிட்டாய் ஆறிக்கொண்டிருக்கும்போது அடுத்த மேசைக்காரர் பெரிய சூப் பானையைத் திறந்துவிட்டார். அரை மணி நேரத்தில் இருபது தட்டும் பிசுபிசுத்தது. யார் மீதும் குற்றமில்லை, அவர் வேலையை அவர் செய்தார். இரண்டாவது, ஒவ்வாமை. அடுத்தவர் நிலக்கடலை வறுத்த மேசையில் நீங்கள் கொட்டை இல்லாத மிட்டாய் என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது. கூடத்தைப் பார்க்கப் போகும்போது அடுப்பைப் பார்ப்பதைவிட, உங்கள் நேரத்துக்கு முன்னும் பின்னும் யார் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ரொட்டிக்காரர் விட்டுப்போன நேரம் என்றால் மாவு காற்றில் மிதக்கும். சாலட் போடுகிறவர் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை.

சொந்தப் பட்டறை எல்லோருடைய கனவும். ஈரம் உங்கள் கையில், ஒவ்வாமை உங்கள் கையில், சலவைக்கல்லைப் போட்ட இடத்தில் விட்டுவிட்டு வரலாம். ஆனால் வாடகை ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். இனிப்பு வியாபாரம் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. பரிசு கொடுக்கும் பருவங்களில் கை போதாது, கொளுத்தும் வெயிலில் சாக்லேட் அனுப்பவே முடியாது. மந்தமான மூன்று மாத வாடகையைக் கையிருப்பிலிருந்து கொடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். முன்பக்கம் கடையும் வைத்தால் இன்னொரு ஆள் வேண்டும். பாகு அடுப்பில் இருக்கும்போது மணி அடித்தால் ஓட முடியாது. தனியாளாகப் பட்டறையும் கடையும் நடத்துகிறேன் என்கிறவர் சீக்கிரத்தில் இரண்டில் ஒன்றைக் கருகவிடுவார்.

ஓய்வுபெறும் மிட்டாய்க்காரரின் தொழிலை அப்படியே வாங்குவதும் ஒரு வழி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. செம்புப் பாத்திரம், அச்சுகள், வாடிக்கையாளர், பெயர் எல்லாம் ஒரே நாளில் வரும். செய்முறைகள் அவர் தலைக்குள் இருக்கின்றனவா, நோட்டில் இருக்கின்றனவா என்பது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். தலைக்குள் என்றால், விற்ற பிறகு ஆறு மாதமாவது கூட நின்று கற்றுத்தர ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை. டெம்பரிங் இயந்திரத்தை முதல் மாதமே வாங்க ஆசை வரும். கல்லில் ஊற்றிக் கையால் டெம்பர் செய்யத் தெரியாதவருக்கு, இயந்திரம் தவறும்போது ஏன் என்று புரியாது. கையால் செய்வதில் நாளுக்குப் பாதி நேரம் போகிறது, ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற நிலை வந்த பிறகு வாங்கினால் போட்ட காசு திரும்பும். என் அனுபவத்தில் முதலில் வாங்க வேண்டியது மிட்டாய் சுற்றுவதற்கு ஓர் ஏற்பாடு. எட்டு மணி நேர நாளில் காய்ச்சுவதும் ஊற்றுவதும் மூன்று மணி நேரம் என்றால், வெட்டுவது, சுற்றுவது, லேபிள், கழுவல் எல்லாம் ஐந்து. விலை போடும்போது இந்த ஐந்து மணியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சர்க்கரை, வெண்ணெய் விலையைக் கூட்டி இரண்டால் பெருக்கி விலை வைத்த என் முதல் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் என் கூலி பூஜ்யத்துக்கும் கீழே.

யாருக்கு விற்பது

நேரடியாக விற்றால் முழு விலையும் உங்களுக்கு, முழு அலைச்சலும் உங்களுக்கு. கடைகளுக்குக் கொடுத்தால் அவர்கள் லாபம் போக மிஞ்சுவதில் உங்கள் கூலி நிற்க வேண்டும். மேலே சொன்ன கணக்குச் சரியில்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் நஷ்டம். விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள் என்கிற ஏற்பாடு க்ரீம் வைத்த சாக்லேட்டுக்கு விஷம். திரும்பி வரும் பெட்டியில் நாள் முடிந்திருக்கும். கடைக்காரர் கேட்பது விற்கும் நாளோடு வாங்கியவர் வீட்டில் வைத்திருக்கும் நாளும் சேர்ந்தது. மூன்று வாரம் தாங்கும் சரக்கில், கடை அலமாரிக்குப் பத்து நாள்கூட மிஞ்சாது. அதனால் கனாஷ்காரர் ஆர்டர் பேரில், முன்பணம் வாங்கிச் செய்வதே நல்லது. கேரமல்காரர் கடைகளைத் தேடிப் போகலாம்.

இப்போது முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் கேரமலையும் ஒரு கடின மிட்டாயையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒரு பட்டறையில் ஒரு வருடம், கூடவே உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ். அப்புறம் பொதுச் சமையற்கூடத்தில் அதிகாலை நேரம், பார்க்கும் வேலையை விடாமல். மாதச் சம்பளத்தில் பாதியையாவது மிட்டாய் ஆறு மாதம் தொடர்ந்து கொடுத்த பிறகு வேலையை விட்டிருப்பேன். நான் விட்டதோ முதல் பெரிய ஆர்டர் வந்த வாரத்தில். அந்த ஆர்டர்காரர் மறுபடி வரவேயில்லை.

முதல் தொகுதியிலிருந்தே இன்னொன்றும் செய்திருப்பேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு மிட்டாயை விற்கும் அதே உறையில் சுற்றித் தேதி எழுதி, ஓர் அலமாரித் தட்டில் வைப்பது. இரண்டாம் வாரம் ஒன்று, நான்காம் வாரம் ஒன்று, எட்டாம் வாரம் ஒன்று என்று பிரித்து, தொட்டுப் பார்த்து, கடித்துப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். மிச்சம் மூன்று, யாராவது குறை சொல்லி வந்தால் எடுத்துப் பார்க்க. க்ரீம் வைத்தது என்றால் இது போதாது, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் அலமாரித் தட்டு ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. லேபிளில் நான் போடும் நாள் கணக்கு அந்த நோட்டிலிருந்து எடுப்பதுதான்.